புள்ளி கோடான கதை: ஒரு மூக்குக் கண்ணாடித் துண்டும் இப்னுல் ஹைதமும்

சென்ற வருடம் இரண்டாம் தவணையில் ஒரு நாள், பாடசாலை விட்டு நான் வெளியே வரும்போது, எட்டாம் தரத்தில் என்னிடம் தமிழ் படிக்கும் பையன் ஒருவனின் வாப்பா கேற்றடியில் நின்றுகொண்டிருந்தார். கடல் தொழில் செய்பவர். கையில் இரண்டு துண்டுகள்.

"சேர், இது கண் டொக்டர் எழுதித் தந்த துண்டு. இது கண்ணாடிக் கடையில தந்த உறை. ரெண்டுலயும் வேற வேற இலக்கம் கிடக்கு. டொக்டர் மூண்டு எண்டு எழுதி இருக்காரு, கடைக்காரன் ஒண்டு எண்டு எழுதி இருக்கான். குறைஞ்ச கண்ணாடியத் தந்து ஏமாத்திட்டானோ தெரியா. வேறொரு கடையில காட்டினன். அது பிழை, புதுசா ஒண்டு செய்யோணும் எண்டு சொல்றாங்க. எது சேர் சரி?"

அந்தக் கண்ணாடிக்கே அவர் கடன் வாங்கித்தான் காசு கட்டியிருந்தார். இன்னொன்று செய்ய அவரிடம் வழியில்லை. எனக்கோ அந்தத் துண்டில் ஓர் இலக்கமும் விளங்கவில்லை. தமிழ் சிறப்புப் பட்டம் பெற்றவன் நான். சாதாரண தரத்தோடு கணிதத்துக்கு ஸலாம் சொன்னவன்.

அந்தப் பையனைப் பற்றி ஒரு விசயத்தை இங்கே ஒளிக்காமல் எழுத வேண்டும். இரண்டு வருடங்களாக நான் அவனுக்குப் புள்ளிகள் குறைத்து வந்தேன். காரணம், புள்ளி! மெய்யெழுத்துக்கு அவன் புள்ளி வைக்கமாட்டான். வைத்தாலும் இடம் மாறி வைப்பான். கரும்பலகையில் நான் 'வந்தான்' என்று எழுதினால் அவன் கொப்பியில் 'வநதான' என்று இருக்கும். "தொல்காப்பியர் காலத்திலேயே மெய்க்குப் புள்ளி உண்டு, உனக்கு மட்டும் இல்லையா?" என்று வகுப்புக்கு முன்னால் கேட்டு மற்றப் பிள்ளைகளைச் சிரிக்கவும் வைத்திருக்கிறேன். குர்ஆன் மத்ரஸாவிலும் அவனுக்கு இதே சிக்கல்தானாம். பா, தா, ஸா மூன்றுக்கும் உடம்பு ஒன்று, நுக்தாக்கள்தான் வேறு. அந்த நுக்தாக்கள் அவனுக்குப் பிடிபடவில்லை. பாடசாலைக்கு வந்த கண் பரிசோதனை முகாமில்தான் உண்மை வெளிவந்தது. அவனுக்கு இருந்த குறைபாட்டின் பெயர் அஸ்டிக்மாட்டிசம். 'ஸ்டிக்மா' என்றால் கிரேக்கத்தில் புள்ளி. முன்னால் உள்ள 'அ' இன்மையைக் குறிக்கும். புள்ளியின்மை. நான் இரண்டு வருடங்களாக அவனைத் திட்டிய அதே சொல்.

துண்டுகளை எடுத்துக்கொண்டு எங்கள் கணித ஆசிரியரிடம் போனேன். அவர் பத்து நிமிடம் பார்த்துவிட்டு, "ரெண்டும் ஒண்டுதான் சேர்" என்றார். அது எப்படி ஒன்றாகும் என்று கேட்டதில் தொடங்கியதுதான் இந்தக் கட்டுரை. அதைத் தேடிப் போன வழியில் நான் முன்பு செய்த இன்னொரு பிழையும் கண்ணில் பட்டது. அதையும் சொல்லியாக வேண்டும்.

பல வருடங்களுக்கு முன் மீலாத் விழாப் பேச்சுப் போட்டிக்கு ஒரு மாணவிக்குப் பேச்சு எழுதிக் கொடுத்தேன். அதில் "மூக்குக் கண்ணாடியைக் கண்டுபிடித்தவர் பஸராவின் இப்னுல் ஹைதம்" என்று ஒரு வசனம். அந்தப் பிள்ளை முதலாமிடம் பெற்றது. அந்தப் பேச்சு கை மாறிக் கை மாறி இன்றும் எங்கள் ஊர்ப் பாடசாலைகளில் உலவுகிறது. அந்த வசனம் உண்மையல்ல.

உண்மை எது? அபூ அலீ அல்ஹசன் இப்னுல் ஹைதம் ஏறத்தாழ 965இல் பஸராவில் பிறந்து, பிற்காலத்தில் கெய்ரோவில் வாழ்ந்து, 1040 அளவில் காலமானவர். அவருடைய 'கிதாபுல் மனாழிர்' ஏழு பாகங்கள் கொண்டது. கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுப் போய்ப் பொருளைத் தொடுவதால்தான் பார்வை உண்டாகிறது என்று யூக்ளிட்டும் தொலமியும் சொல்லி வைத்திருந்தார்கள். அதை அவர் ஏற்கவில்லை. சூரியனை உற்றுப் பார்த்தால் கண் நோகிறது. பார்வையைத் திருப்பிய பின்னும் அந்த ஒளி கண்ணுக்குள் நிற்கிறது. அப்படியென்றால் வெளியிலிருந்து ஏதோ கண்ணுக்குள் வருகிறது என்றுதானே பொருள்? இருட்டறைக்குள் துவாரம் வழியாக ஒளியை விட்டு, அது நேர்கோட்டில் போவதைச் சோதித்தும் காட்டினார். ஏழாம் பாகம் முழுவதும் முறிவு பற்றியது. நீர், கண்ணாடி போன்றவற்றுக்குள் புகும்போது ஒளி எப்படி வளைகிறது என்று அளப்பதற்கான கருவியை அதில் விபரிக்கிறார். கோள வடிவான ஒளிபுகும் பொருளுக்கூடாகப் பார்த்தால் உரு பெருத்துத் தெரிவதையும் பேசுகிறார். ஆனால் அதைச் சட்டத்தில் பொருத்தி மூக்கில் வைக்கும்படி அவர் எங்கும் சொல்லவில்லை.

அவருக்கு ஒரு தலைமுறை முன் பக்தாதில் இப்னு ஸஹ்ல் என்பவர் 984 அளவில் எரிக்கும் ஆடிகளும் வில்லைகளும் பற்றி ஒரு நூல் எழுதினார். இன்று உயர்தர வகுப்பில் ஸ்னெல் விதி என்று படிப்பிக்கும் முறிவு விதி, கேத்திரகணித உருவில் அதில் இருக்கிறது. சிதறிக் கிடந்த அதன் கையெழுத்துப் பிரதிகளை ருஷ்தி ராஷித் ஒன்று சேர்த்து இதை வெளிப்படுத்தியது 1990இல்தான். ஆயிரம் வருடமாக நம் கண்ணுக்கே தெரியாமல் இருந்த பெருமை அது. இல்லாத பெருமையை நாம் மேடையில் சொல்லிக்கொண்டிருந்தபோது, இருந்த பெருமை நூலகப் பெட்டிகளில் கிடந்திருக்கிறது.

மூக்குக் கண்ணாடி தோன்றியது இத்தாலியில், 1286 அளவில். 1306இல் புளோரன்ஸில் ஒரு பாதிரியார் செய்த பிரசங்கத்தில், இந்தக் கலை வந்து இன்னும் இருபது வருடமாகவில்லை என்று சொல்லியிருக்கிறார். அது நமக்குக் கிடைக்கும் பழைய சான்றுகளில் ஒன்று. 'மனாழிர்' அதற்கு முன்பே இலத்தீனுக்குப் போய்விட்டது. 1572இல் பாசல் நகரில் ரிஸ்னர் அதை அச்சிட்டபோது, அதைப் படித்து எழுதிய விட்டெலோவின் நூலையும் சேர்த்து ஒரே தொகுப்பாக வெளியிட்டார். 1604இல் கெப்ளர் விழித்திரையில் உரு தலைகீழாக விழுவதை விளக்கிய நூலுக்கு வைத்த பெயரே விட்டெலோவுக்கான பின்னிணைப்பு என்பதாகும். பஸராவிலிருந்து கெப்ளர் வரை இப்படி ஒரு கயிறு இருக்கிறது. கண்ணாடிக்கடை அந்தக் கயிற்றின் முடிச்சுகளில் ஒன்று அல்ல. அது வேறு வழியாக வந்தது.

இனி அந்தப் பையனின் துண்டுக்கு வருவோம்.

முதல் ஐந்நூறு வருடங்கள் மூக்குக் கண்ணாடியில் இருந்ததெல்லாம் பந்தின் துண்டு போன்ற வில்லைகள். பந்தின் மேல் எந்தத் திசையில் விரலை ஓட்டினாலும் வளைவு ஒன்றுதான். ஆனால் எல்லாருடைய கண்ணும் பந்து போல் இருப்பதில்லை. ஒரு கரண்டியின் முதுகைத் தடவிப் பாருங்கள். நீளவாட்டில் ஒரு வளைவு, குறுக்குவாட்டில் அதைவிடக் கூடிய வளைவு. கண்ணின் முன்புறத்து விழிவெண்படலம் இப்படிச் சற்றே கரண்டி போல் இருந்தால், ஒரு திசையில் வரும் ஒளி ஓரிடத்திலும் மற்றத் திசையில் வரும் ஒளி வேறிடத்திலும் குவியும். வெளியே புள்ளியாக இருப்பது உள்ளே கோடாக விழும். கண்ணின் நடுவை ஊடறுத்துப் போகும் இந்தத் திசைகளைத்தான் மெரிடியன் என்கிறார்கள். கிடையாக உள்ளது 180 பாகை; நிலைக்குத்தாக உள்ளது 90 பாகை.

இதை முதலில் அளந்தவர் இங்கிலாந்தின் தோமஸ் யங். எகிப்தின் ரொசெற்றாக் கல்லைப் படிக்க முயன்றவர்களில் முக்கியமானவர். மொழிக்காரர்களான எங்களுக்கு அப்படித்தான் அவரைத் தெரியும். அவர் தன் கண்ணையே பரிசோதித்து 1801இல் எழுதினார். ஒரு பொருளிலிருந்து நிலைக்குத்தாக விரியும் கதிர்கள் 10 அங்குலத் தூரத்திலிருந்தும், கிடையாக விரிபவை 7 அங்குலத் தூரத்திலிருந்தும் வந்தால்தான் அவருடைய விழித்திரையில் சரியாகக் குவிந்தன. தூரத்தை மீற்றரில் எழுதி 1ஐ அதனால் வகுத்தால் வலு வரும். அதன் அலகு தயொப்தர். 10 அங்குலம் 0.254 மீற்றர், எனவே 3.94. 7 அங்குலம் 0.178 மீற்றர், எனவே 5.62. வித்தியாசம் ஏறக்குறைய 1.7 தயொப்தர். கோளாறு விழிவெண்படலத்தில்தானா என்று பார்க்க அவர் கண்ணைத் தண்ணீருக்குள் அமிழ்த்தி, அந்தப் படலத்தின் வலுவை இல்லாமலாக்கிவிட்டுப் பார்த்தார். குறை அப்படியே இருந்தது. ஆகவே தன் விடயத்தில் பிழை உள்ளே இருக்கும் வில்லையில் என்று முடிவு செய்தார். ஆனால் தனக்கென்று அவர் கண்ணாடி செய்துகொள்ளவில்லை. அந்தக் குறை அவருக்கு அவ்வளவு தொந்தரவு தரவில்லை.

கண்ணாடி செய்தவர் ஜோர்ஜ் ஏரி. யங் அந்தக் கட்டுரையை வெளியிட்ட 1801ஆம் ஆண்டிலேயே பிறந்தவர். பின்னாளில் பிரித்தானியாவின் அரச வானியலாளர் ஆனார். கேம்பிரிட்ஜில் இருந்தபோது, தான் வாசிக்கும்போது இடது கண்ணைப் பாவிப்பதே இல்லை என்று கண்டார். அட்டையில் ஊசியால் துளையிட்டு, அதை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, கண்ணுக்கு முன்னால் முன்னும் பின்னும் நகர்த்தினார். 6 அங்குலத்தில் அந்தப் புள்ளி ஒரு சாய்ந்த கோடாகத் தெரிந்தது. 3.5 அங்குலத்தில் அதற்குச் செங்குத்தான இன்னொரு கோடாகத் தெரிந்தது. மேலே சொன்ன கணக்கைப் போட்டால் 6.56, 11.25, வித்தியாசம் 4.7 அளவில். சிறிய குறையல்ல. ஒரு பக்கம் கோளக் குழிவும் மறுபக்கம் உருளைக் குழிவும் கொண்ட வில்லை வேண்டும் என்று கணித்து, இப்ஸ்விச் நகரத்துக் கண்ணாடி வினைஞர் ஒருவரிடம் கடைந்து வாங்கினார். 1825இல் கேம்பிரிட்ஜ் கழகத்தில் அதைப் பற்றி வாசித்தார். குறைக்கு அஸ்டிக்மாட்டிசம் என்ற பெயரைப் பின்னர் கொடுத்தவர் வில்லியம் ஹியூவெல்.

உருளை என்பது மேசையில் நிறுத்தி வைத்த கண்ணாடிக் குவளை மாதிரி. மேலிருந்து கீழாக வளைவே கிடையாது. சுற்றுவாட்டில் முழு வளைவு. வளைவில்லாத திசைதான் அச்சு. அச்சில் உருளைக்கு வலு இல்லை. அச்சுக்குச் செங்குத்தான திசையில் முழு வலு. சரி, இரண்டுக்கும் இடைப்பட்ட திசைகளில்? அதற்கான விடை கண் வைத்தியர்கள் எவரிடமிருந்தும் வரவில்லை. மேற்பரப்புகளின் வளைவு பற்றி ஒயிலர் எழுதி, 1767இல் பெர்லின் கல்விக்கழக ஏட்டில் அச்சான கட்டுரையில் அது இருந்தது. ஒயிலர் முப்பது வயது கடந்ததும் வலது கண்ணின் பார்வையை இழந்தவர். முதுமையில் மற்றக் கண்ணின் பார்வையும் போயிற்று. கண்ணாடியை மனதில் வைத்து அவர் அதை எழுதவில்லை. ஆனாலும் இன்று கண்ணாடிக்கடை மேசையில் இருப்பது அவருடைய கணக்குத்தான்:

குறித்த திசையின் வலு = கோள வலு + உருளை வலு × (அச்சிலிருந்து அந்தத் திசை விலகும் கோணத்தின் சைனின் வர்க்கம்).

வைத்தியரின் துண்டில் இருந்தது: கோளம் −3.00, உருளை +2.00, அச்சு 90. கடை உறையில் இருந்தது: கோளம் −1.00, உருளை −2.00, அச்சு 180. இரண்டையும் ஒவ்வொரு திசையாகக் கணித ஆசிரியர் போட்டுக் காட்டினார்.

180 பாகையில், வைத்தியரின் அச்சிலிருந்து 90 பாகை விலகல். சைன் வர்க்கம் 1. −3.00 + 2.00 = −1.00. கடையின் அச்சிலிருந்து விலகலே இல்லை, −1.00.

90 பாகையில், வைத்தியருடையது விலகல் இல்லாமல் −3.00. கடையுடையது −1.00 − 2.00 = −3.00.

30 பாகையில், வைத்தியரின் அச்சிலிருந்து விலகல் 60. சைன் வர்க்கம் 0.75. −3.00 + 1.50 = −1.50. கடையின் அச்சிலிருந்து விலகல் 30; சைன் வர்க்கம் 0.25. −1.00 − 0.50 = −1.50.

45 பாகையில் இரண்டுமே −2.00. 60 பாகையில் இரண்டுமே −2.50.

எந்தத் திசையில் கேட்டாலும் ஒரே விடை. வில்லை ஒன்றுதான், அதைச் சொல்லும் விதம் இரண்டு. ஒருவர் கூட்டல் உருளையில் எழுதுகிறார், மற்றவர் கழித்தல் உருளையில் எழுதுகிறார். மாற்றும் வழியும் இலகு: கோளத்தையும் உருளையையும் கூட்டினால் புதிய கோளம்; உருளையின் அடையாளத்தை மாற்று; அச்சை 90 பாகை திருப்பு. அந்த வாப்பாவைக் கடைக்காரர் ஏமாற்றவில்லை. 'பிழை' என்று சொன்ன இரண்டாவது கடையில்தான் ஒன்றில் கணக்குத் தெரியாமல் இருந்திருக்க வேண்டும், அல்லது தெரிந்தும் சொல்லாமல் இருந்திருக்க வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கையையும் கணித ஆசிரியர் சொன்னார். 30 பாகையில் −1.50 என்றால், அந்தத் திசையில் ஒளி தனியாக ஓரிடத்தில் குவிகிறது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒளி கோடாகக் குவிவது இரண்டு பிரதான திசைகளால் மட்டுமே. இடைத்திசை இலக்கம் சொல்வது அந்தத் திசையில் வில்லையின் வளைவு எவ்வளவு என்பதைத்தான். சரிபார்க்க இன்னொரு வழியும் உண்டு: ஒன்றுக்கொன்று செங்குத்தான எந்த இரண்டு திசையை எடுத்தாலும் கூட்டுத்தொகை மாறாது. 180இலும் 90இலும் −1.00, −3.00, கூட்டினால் −4.00. 30இலும் 120இலும் −1.50, −2.50, அதுவும் −4.00.

அச்சு ஏன் முக்கியம் என்பதும் இந்தக் கணக்கிலேயே தெரிகிறது. வில்லையைச் சட்டத்தில் பொருத்தும்போது அச்சு 10 பாகை திரும்பிவிட்டால், 2 தயொப்தர் உருளையில் ஏறக்குறைய 0.7 திருத்தப்படாமல் மிஞ்சும். 30 பாகை திரும்பினால் முழு 2 தயொப்தரும் வேறு திசையில் திரும்பி வந்துவிடும். உருளைக் கண்ணாடி போட்டும் போடாத கதைதான். எனவே பிள்ளைகளின் சட்டம் வளைந்து கோணினால் "பார்வை தெரியுதுதானே" என்று விட்டுவிடக் கூடாது. கடைக்குக் கொண்டுபோய் நிமிர்த்திக் கொடுக்க வேண்டும்.

ஏரி தனக்காகச் செய்ததை எல்லாருக்குமான வைத்தியமாக்கியவர் ஒல்லாந்தின் உட்ரெக்ட் நகரப் பேராசிரியர் டொண்டர்ஸ். கண்ணின் முறிவுக் குறைகள் பற்றிய அவருடைய பெருநூல் 1864இல் லண்டனில் வெளிவந்தது. இந்தக் குறை அபூர்வமானது என்ற எண்ணம் அதனோடு போயிற்று. 1872இல் பிரான்ஸின் மொனோயே தயொப்தர் என்ற அலகை முன்மொழிந்தார். அதுவரை வில்லைகளை அங்குலக் குவியத்தூரத்தால் எண்ணி வந்தார்கள். அங்குலங்களைக் கூட்டிக் கழித்து இந்தக் கணக்கைச் செய்ய முடியாது; தயொப்தரில் செய்யலாம். அந்த வாப்பாவின் கையில் இருந்த துண்டில் இத்தனை பேரும் இருந்தார்கள்.

இப்போது என் பேச்சு வசனத்துக்குத் திரும்புகிறேன். நம் விழா மேடைகளில் 'முதலில் கண்டுபிடித்தவர் முஸ்லிமே' என்று முடியும் வசனங்கள் நிறைய. கேட்க நன்றாக இருக்கும். ஆனால் ஒரு பிள்ளை நாளை பல்கலைக்கழகம் போய் அது பொய் என்று கண்டால், இப்னு ஸஹ்லைப் பற்றி நாம் சொல்லும் உண்மையையும் சேர்த்தே சந்தேகிக்கும். இப்னுல் ஹைதமே இதைப் பொறுத்திருக்கமாட்டார். தொலமியின் மேல் எழுந்த சந்தேகங்களுக்கென்றே தனியாக ஒரு நூல் எழுதியவர் அவர். முன்னோர் சொன்னார்கள் என்பதற்காக நம்பாமல், தன் நம்பிக்கையையும் சேர்த்தே சோதிக்க வேண்டும் என்பது அவருடைய வழி. அவரைப் பற்றியே சோதிக்காமல் எழுதியவன் நான்.

என் இன்னொரு சோதிக்காத தீர்ப்பு அந்தப் பையன். கண்ணைப் பார்க்காமல் கவனத்தைக் குறை சொன்னேன். அவனுடைய கண் நிலைக்குத்துத் திசையில் 3 தயொப்தர் பிசகியிருந்தது, கிடையில் 1. அப்படிப்பட்ட கண்ணுக்குக் கரும்பலகையின் நிலைக்கோடுகளைவிடக் கிடைக்கோடுகள்தான் அதிகம் மங்கும். எழுத்தின் தலையில் வைத்த புள்ளியோ மேலும் கீழும் இழுபட்டு, அடியில் உள்ள எழுத்தோடு கலந்துவிடும். இல்லாத ஒன்றை அவன் எப்படி எழுதுவான்?

வாப்பாவிடம் கணக்கை நாங்கள் சொன்னபோது, சைன் எதுவும் அவருக்கு விளங்கவில்லை. "அப்ப இந்தக் கண்ணாடியே போதும் என்ன சேர்?" என்றார். "போதும் வாப்பா, சரியான கண்ணாடிதான்" என்றேன். அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லித் துண்டுகளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

மூன்றாம் தவணைக் கட்டுரையில் அவன் கொப்பியில் நான்கைந்து இடங்களில்தான் புள்ளி விட்டுப் போயிருந்தது. அவற்றைச் சிவப்புப் பேனையால் வட்டமிட்டேன். ஆனால் புள்ளிகள் குறைக்கவில்லை. முந்திய இரண்டு வருடக் கணக்கு என்னிடம்தான் பாக்கி இருக்கிறது. வகுப்புக்கு முன்னால் வைத்துச் சிரித்ததால், வகுப்புக்கு முன்னாலேயே அவனிடம் மன்னிப்பும் கேட்டேன். இந்த வருட மீலாத் போட்டிக்குப் பேச்சு கேட்டு வந்த பிள்ளைக்கு அந்தப் பழைய வசனத்தை வெட்டிவிட்டு இருட்டறையையும் துவாரத்தையும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். பழைய பிரதி யாரிடமாவது இருந்தால் தயவுசெய்து அந்த வரியைத் திருத்திக்கொள்ளுங்கள்.